கொரிய உணவகத்தில் எதைக் கேட்பது, எப்படிச் சாப்பிடுவது?

கேட்டவர் வேலை விஷயமாக முதல்முறை சியோல் போகிறார், இரண்டு வாரம் தங்கல். கூடப் போகும் நண்பர் சைவம். “சீரியலில் பார்த்ததைத் தவிர கொரியச் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைக்குள் போனால் என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது, காரம் தாங்குமா?” என்பது கேள்வி. நான் சியோலுக்குத் தெற்கே இருக்கும் சுவோன் நகரத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தவன். சாப்பாட்டின் வழியாகத்தான் அந்த ஊர் எனக்குப் பழகியது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கொரியர்கள் நம்மைப் போலவே சோற்றுக்காரர்கள். அவர்கள் மொழியில் சோற்றுக்கு ‘பாப்’ என்று பெயர். சாப்பாட்டுக்கும் அதே பெயர்தான். தெரிந்தவரைப் பார்த்ததும் ‘பாப் மொகொஸ்ஸொயோ?’ என்பார்கள். சோறு சாப்பிட்டீர்களா என்பது நேர்ப்பொருள். நம் ஊரில் வாசலில் வந்தவரிடம் “சாப்டீங்களா?” என்று கேட்போமே, அதே விசாரிப்பு. குழம்பு, ரசம், பொரியல், ஊறுகாய் எல்லாம் இலையில் சோற்றைத் தேடி வருவதுபோல, அங்கே ஜிகே, குக், நாமுல், கிம்ச்சி எல்லாம் சோற்றைத் தேடி வருகின்றன. ஜிகே என்றால் கெட்டியான குழம்பு. குக், தாங் இரண்டும் தண்ணீராக இருக்கும் சாறு வகை. நாமுல் என்பது கீரையையோ முளைப்பயறையோ வேகவைத்துப் பிழிந்து, பூண்டும் எள்ளெண்ணெயும் விட்டுப் பிசறியது. அந்த எள்ளெண்ணெய் நம் நல்லெண்ணெய் இல்லை. எள்ளை நன்றாக வறுத்துப் பிழிவார்கள், நிறமும் வாசமும் தூக்கலாக இருக்கும். கிம்ச்சி என்பது முட்டைக்கோஸையோ முள்ளங்கியையோ உப்போடும் பெரும்பாலும் மிளகாயோடும் சேர்த்துப் புளிக்கவைத்த ஊறுகாய்.

இது புரிந்துவிட்டால் மெனுவைப் பார்த்துப் பயம் வராது. புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, ஆளுக்கு ஓர் ஐட்டம், முதலில் ஸ்டார்ட்டர், அப்புறம் மெயின் என்று வரிசையாகக் கணக்குப் போடுவது. அங்கே எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும், நடுவில் இருப்பதை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் எத்தனை பேர் என்று கேட்பார்கள். விரலைக் காட்டினால் போதும். தரையில் உட்காரும் கடையானால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உட்கார்ந்த பிறகு மேசைமேல் கரண்டி எதுவும் இல்லையே என்று தேடாதீர்கள். மேசையின் பக்கவாட்டில் தட்டையாக ஓர் இழுப்பறை இருக்கும், ஸ்பூன், சாப்ஸ்டிக், டிஷ்யூ எல்லாம் அதற்குள்தான். தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து வைப்பார்கள். ‘தண்ணீர் செல்ஃப்’ என்று சுவரில் எழுதியிருந்தால் நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். மேசை ஓரத்தில் அழைப்பு மணி இருக்கும், அழுத்தினால் ஆள் வருவார். மணி இல்லாத சின்னக் கடையில் ‘யோகியோ!’ என்று குரல் கொடுங்கள். இங்கே பாருங்க என்று அர்த்தம். சத்தமாகக் கூப்பிட்டால் அங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை. கூப்பிடாமல் கையை மட்டும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் யார் கண்ணிலும் பட மாட்டீர்கள்.

இன்னொரு கூப்பாடும் காதில் விழும்: ‘இமோ!’ அம்மாவுடன் பிறந்தவளை அழைக்கும் சொல், நம் சித்தி, பெரியம்மா. அப்பாவின் சகோதரிக்கு ‘கொமோ’ என்று தனிச்சொல் உண்டு. கடைக்கார அம்மாவை இமோ என்பார்களே தவிர, யாரும் கொமோ என்று கூப்பிட மாட்டார்கள். சோறு போடுகிற பெண் அம்மா வழி உறவாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த மொழி முடிவு செய்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் முதல்நாளே நீங்கள் இமோ என்று ஆரம்பிக்க வேண்டாம், யோகியோ போதும். நாலு முறை ஒரே கடைக்குப் போய் முகம் பழகிய பிறகு அந்தச் சொல் தானாக வரும்.

இப்போதெல்லாம் பல கடைகளில் வாசலில் ஒரு தொடுதிரையோ, மேசையிலேயே ஒரு டேப்லெட்டோ வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், படமும் இருக்கும். கடை தேட கூகுள் மேப்பைவிட நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலி உதவும். மதியம் 12 மணியிலிருந்து 1 மணி வரை அலுவலகக் கூட்டம் மொத்தமும் கடைகளில்தான் இருக்கும். பிற்பகல் 3 மணியிலிருந்து 5 மணி வரை நிறையக் கடைகள் இடைவேளை விட்டுவிடும். பசியோடு நாலு மணிக்குக் கதவைத் தட்டி ஏமாறாதீர்கள்.

ஆர்டர் கொடுத்த சிறிது நேரத்தில், கேட்காமலேயே குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் வந்து இறங்கும். இவைதான் பாஞ்சான், தொடுகறிகள். கிம்ச்சி கட்டாயம் இருக்கும். சோயாமுளை, பசலைக்கீரை, சோயா சாற்றில் சுண்டிய உருளைக்கிழங்கு, முள்ளங்கியைச் சதுரமாக வெட்டிப் போட்ட கிம்ச்சி, சர்க்கரைப் பாகு பூசி வறுத்த குட்டி நெத்திலி என்று கடைக்குக் கடை மாறும். இதற்குத் தனிக் காசு கிடையாது. தீர்ந்துபோனால் மறுபடி கேட்கலாம், அதற்கும் காசு இல்லை. சில கடைகளில் ஒரு மூலையில் எல்லாவற்றையும் வைத்து, வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். நம் விருந்தில் சோறு வருவதற்குள் கூட்டைக் காலி செய்கிறவர்போல, பசியில் எல்லாக் கிண்ணங்களையும் முன்கூட்டியே முடித்துவிடாதீர்கள். சோற்றுக்குத் துணை வேண்டாமா?

சோறு வரும் கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம், எந்த ஊருக்குப் போனாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். 1970களில் அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அரசாங்கம் சோற்றைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. 1976இல் சியோல் நகர நிர்வாகம், உணவகங்களில் சோறு 10.5 சென்டிமீட்டர் விட்டமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள எவர்சில்வர் கிண்ணத்தில்தான் தரவேண்டும் என்று விதித்தது. தட்டுப்பாடு எப்போதோ போய்விட்டது, கிண்ணம் நிலைத்துவிட்டது. அது கையைச் சுடும், தூக்கவும் கூடாது. ஜப்பானில் கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடுவார்கள். கொரியாவில் அது மரியாதைக் குறைவு. கிண்ணம் மேசையிலேயே இருக்கட்டும். சோற்றையும் சாற்றையும் ஸ்பூனால் எடுங்கள், மற்ற எல்லாவற்றையும் சாப்ஸ்டிக்கால். இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்காமல், ஒன்றை வைத்துவிட்டு ஒன்றை எடுப்பது வழக்கம். ஸ்பூனையோ சாப்ஸ்டிக்கையோ சோற்றில் நட்டுவைக்கவே கூடாது. இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும்போது செய்வது அது. நம் வீட்டில் எப்படிச் சில காரியங்களைச் சாப்பாட்டு நேரத்தில் செய்ய மாட்டோமோ, அப்படி.

சரி, முதல் சாப்பாடு எது? எல்லோரும் நேராக இறைச்சி சுடும் கடைக்கு ஓடுவார்கள். நான் சொல்வது பேக்பான் கடை. வெள்ளைச் சோறு என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். நம் ஊர் ‘மீல்ஸ்’ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சோறு, ஒரு சாறு அல்லது ஜிகே, ஒரு வறுத்த மீன், ஆறேழு பாஞ்சான். அலுவலக வட்டாரங்களின் பின்தெருக்களில் இருக்கும், அலங்காரம் எதுவும் இருக்காது. கொரியர்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அப்படிப்பட்ட கடை கிடைக்கவில்லையானால் ஏதாவது ஒரு ஜிகே கேளுங்கள். கிம்ச்சி ஜிகே என்றால், நன்றாகப் புளித்த பழைய கிம்ச்சியைப் பன்றி இறைச்சியோடோ சூரை மீனோடோ கொதிக்கவைத்தது. புதிய கிம்ச்சியில் இந்த ருசி வராது. மோர்க்குழம்புக்குப் புளித்த மோர் தேவைப்படுவதுபோலத்தான். தொயென்ஜாங் ஜிகே, புளிக்கவைத்த சோயா விழுதில் செய்வது. வாசம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், மூன்றாம் நாள் நீங்களே தேடிப் போவீர்கள். சுந்துபு ஜிகே என்றால் வாயில் வைத்ததும் கரைகிற, கட்டிப்படாத டோஃபு, அதாவது சோயாப் பன்னீர். மூன்றும் துக்பேகி என்ற கறுப்பு மண்சட்டியில், மேசைக்கு வந்த பிறகும் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். சுந்துபு வந்த உடனே, பக்கத்தில் வைத்திருக்கும் பச்சை முட்டையை அந்தக் கொதியிலேயே உடைத்து ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் வேகாது.

இறைச்சிக் கடைக்கு இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போங்கள். அங்கே சம்கியொப்சால்தான் ராஜா. சம் என்றால் மூன்று. கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் பன்றியின் வயிற்றுப் பகுதி. மெனுவில் ஒரு ஆள் அளவு எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 150 முதல் 200 வரை. முதல் ஆர்டர் இரண்டு ஆள் அளவாவது கொடுத்தாக வேண்டும் என்பது பல கடைகளில் விதி, தனியாகப் போனால் சிரமம்.

சுவோனில் நாங்கள் வாராவாரம் போகும் கடையில் நடப்பதை அப்படியே சொல்கிறேன். மேசை நடுவில் குழி, அதில் கரியடுப்பு, மேலே கனமான இரும்புத் தட்டு. கூரையிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு புகைக்குழாய் இறங்கி நிற்கும். கடைக்கார அம்மா விரல் தடிமன் இருக்கும் நீளத் துண்டை இடுக்கியால் தூக்கி வைப்பார். அடிக்கடி புரட்ட மாட்டார். ஒரு பக்கம் பொன்னிறமானதும் ஒரே புரட்டு, இடது கையில் இடுக்கி, வலது கையில் பெரிய கத்தரிக்கோல், சரக் சரக்கென்று வாயளவுத் துண்டுகளாக அங்கேயே வெட்டுவார். உருகி வழியும் கொழுப்பில் பூண்டுப் பற்களையும் கிம்ச்சியையும் தள்ளிவிடுவார். சமையலறைக் கத்தரிக்கோலைச் சாப்பாட்டு மேசையில் முதல்முறை பார்க்கும்போது வித்தியாசமாக இருக்கும். ஊர் திரும்பிய பிறகு என் வீட்டில் அது இல்லாமல் சமையல் நடப்பதில்லை.

இறைச்சியை இலையில் மடித்துச் சாப்பிட வேண்டும், அதற்கு ‘சாம்’ என்று பெயர். உள்ளங்கையில் ஒரு லெட்டூஸ் இலை, அதன்மேல் கெந்நிப். இது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த அகலமான இலை, சோம்பும் புதினாவும் கலந்த மாதிரி ஒரு வாசம். மேலே ஒரு துண்டு இறைச்சி, ஒரு பூண்டு, ஒரு துண்டு பச்சை மிளகாய், சாம்ஜாங் என்ற விழுது கொஞ்சம். பீடா மடிப்பதுபோல மடித்து, கடிக்காமல் முழுசாக ஒரே வாயில் போட வேண்டும். பாதி கடித்தால் எல்லாம் கையில் வழிந்துவிடும்.

வயிறு நிறைந்து சாய்ந்து உட்காரும்போது அந்த அம்மா வந்து ‘ஷிக்சா?’ என்பார். ஷிக்சா என்றால் சாப்பாடு. இவ்வளவு நேரம் சாப்பிட்டது என்னவாம் என்று நான் முதல்முறை திகைத்தேன். அவர்கள் கணக்கில் இறைச்சி சாப்பாடு ஆகாது. சோறோ நூடுல்ஸோ உள்ளே போனால்தான் சாப்பிட்டதாக அர்த்தம். சோற்றோடு தொயென்ஜாங் ஜிகே, அல்லது ஐஸ் மிதக்கும் நேங்மியோன் என்ற நூடுல்ஸ், அல்லது அதே தட்டில் மிச்சமிருக்கும் கொழுப்பில் கிம்ச்சியும் சோறும் போட்டுப் பிரட்டிய வறுத்த சோறு. பிரியாணிக்குப் பிறகும் ஒரு கரண்டி தயிர்சாதம் கேட்கிற நமக்கு இது எளிதில் புரியும். அதற்குக் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள்.

மாட்டிறைச்சியில் சோயா, பேரிக்காய், பூண்டு சேர்த்து ஊறவைத்த புல்கோகியும், விலா எலும்போடு வரும் கல்பியும் பெயர் பெற்றவை. சுவோன் ஊரே கல்பிக்குப் பிரபலம். உள்நாட்டு மாடான ஹனு விலை அதிகம், யாராவது வாங்கித் தரும்போது சாப்பிடும் பொருள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் ஓர் எச்சரிக்கை: கண்ணுக்கு இறைச்சித் துண்டு தெரியாத பல சாறுகளின் அடிச்சாறு மாட்டினுடையது. நேங்மியோனின் குளிர்ச்சாறு பெரும்பாலும் அதுதான், ராம்யோன் என்ற பாக்கெட் நூடுல்ஸின் பொடியிலும் பெரும்பாலும் உண்டு. பால்போல வெளுத்து வரும் சொல்லோங்தாங், மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுப்பது. அதில் உப்பு போட்டிருக்க மாட்டார்கள், மேசையில் இருக்கும் உப்பை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

காரம் கேட்டீர்கள். நம் நாக்குக்குப் பயம் வேண்டாம். நம்மைப் போலவே அவர்களுக்கும் மிளகாய் வெளியூர்ச் சரக்குதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் கைவழியாக ஆசியாவுக்கு வந்தது, 16ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் கொரியாவை எட்டியதாகச் சொல்வார்கள். அதற்கு முந்தைய கிம்ச்சியில் சிவப்பே கிடையாது. இன்றும் மிளகாய் போடாத வெள்ளைக் கிம்ச்சியும் தண்ணீர்க் கிம்ச்சியும் உண்டு. கொச்சுஜாங் என்ற அவர்களுடைய மிளகாய் விழுதில் பசையரிசி மாவும் புளித்த சோயா மாவும் சேர்வதால் இனிப்பும் இருக்கும். நம் ஆட்களைத் தடுமாறவைப்பது காரம் இல்லை, காரத்தோடு வரும் அந்த இனிப்பு. பள்ளிப் பிள்ளைகள் சாயங்காலம் கூடி நின்று சாப்பிடும் தொக்பொக்கியில் இது நன்றாகத் தெரியும். அரிசிமாவில் செய்த விரல்போன்ற உருளைகள், சிவப்பான இனிப்புக்காரச் சாற்றில் கொதித்துக்கொண்டிருக்கும். பல்லில் ஒட்டுகிற மெல்லும் பதம், கொழுக்கட்டை மாவை இன்னும் இறுக்கிப் பிசைந்த மாதிரி. சில மிளகாய்கள் மட்டும் நிஜமாகவே சுடும். ‘சொங்யாங்’ என்று பெயர் சொல்லிப் போட்டிருந்தால் கவனம்.

பிபிம்பாப்பை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிபிம் என்றால் கலப்பது. சோற்றின்மேல் வண்ணவண்ணமாக நாமுல் வகைகள், முட்டை, கொச்சுஜாங். அழகாக இருக்கிறதே என்று ஓரமாகக் கொத்திச் சாப்பிடாமல், ஸ்பூனால் அடிவரைக்கும் கிளறிப் பிசைந்துவிட வேண்டும். கையால் பிசைந்து சாப்பிடும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்கே இருக்கும் ஜொன்ஜு ஊர்தான் இதற்குத் தலைநகரம். 2012இல் யுனெஸ்கோ அந்த ஊரை உணவுக்கலை நகரங்களின் வரிசையில் சேர்த்தது. கல்சட்டியில் வரும் தோல்சொத் பிபிம்பாப் கேட்டால், கிளறியபின் அடியில் இருக்கும் சோற்றை இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள். மொறுமொறுவென்று காந்தல் பிடிக்கும், அதை நுருங்ஜி என்பார்கள். கல்சட்டியில் வெறும் சோறு தரும் கடைகளில், சோற்றை எடுத்துவிட்டு ஒட்டியிருக்கும் காந்தலில் வெந்நீர் ஊற்றி மூடிவைப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தத் தண்ணீரைக் குடிப்பது. அதன் பெயர் சுங்நியுங். முதல் வாய் குடித்தபோது எங்கள் பாட்டி வீட்டு நீராகாரம் ஞாபகம் வந்தது. இது சூடு, அது குளிர்ச்சி, வேறு பெரிய வித்தியாசம் இல்லை.

வெயில் காலத்தில் போகிறீர்கள் என்றால் இரண்டு விஷயம். ஒன்று நேங்மியோன், குளிர்ந்த நூடுல்ஸ். இது வடக்கின் உணவு. கொரியப் போரில் அகதிகளாகத் தெற்கே வந்தவர்கள் கூடவே கொண்டுவந்து பரப்பினார்கள். பியோங்யாங் வகை பக்வீட் என்ற தானிய மாவில் செய்து குளிர்ச்சாற்றில் மிதக்கும். ஹம்ஹுங் வகை கிழங்கு மாவில் செய்தது, ரப்பர்போல இழுபடும், காரமாகப் பிசறியிருக்கும். பியோங்யாங் வகையை முதல்முறை சாப்பிட்டால் உப்புச்சப்பே இல்லை என்று தோன்றும். இரண்டு மூன்று முறை சாப்பிட்ட பிறகு அந்த மெல்லிய ருசியைத் தேடி ஒரு மணி நேரம் ரயிலில் போயிருக்கிறேன். இன்னொன்று சம்கியேதாங். ஒரு முழு இளங்கோழிக்குள் பசையரிசி, ஜின்செங் வேர், பூண்டு, சிவப்பு இலந்தை எல்லாம் அடைத்துக் கொதிக்கவைத்த சாறு. வருடத்தின் மிக வெப்பமான காலத்தில் ‘போக்’ என்று மூன்று நாள்களைக் குறித்துவைத்து, அந்த நாள்களில் வேர்த்து வழிய இதைக் குடிப்பார்கள். சூட்டைச் சூட்டால் தணிப்பது என்பது அவர்கள் நம்பிக்கை. நம் நாட்டுக்கோழிச் சூப்பு பிடித்தவருக்குக் கட்டாயம் பிடிக்கும்.

போர் விட்டுச்சென்ற இன்னொரு சட்டி பூதே ஜிகே, பட்டாளத்துக் குழம்பு. சியோலுக்கு வடக்கே உயிஜொங்பு ஊரில் அமெரிக்க முகாம் இருந்தது. சாப்பாட்டுக்கே வழியில்லாத அந்த வருடங்களில், முகாமிலிருந்து வெளியே வந்த டின் இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்கவைத்தார்கள். இன்று அதே குழம்பை நண்பர்கள் கூடி, ராம்யோன் போட்டுச் சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அதைச் சாப்பிடும்போதெல்லாம் அந்தப் பசியின் நினைப்பு வராமல் இருந்ததில்லை.

ஒருநாள் மாலை குவாங்ஜாங் சந்தைக்குப் போங்கள். 1905இல் தொடங்கிய சந்தை, நடுவழியெல்லாம் தின்பண்டக் கடைகள். பிந்தேதொக் கடைமுன் நின்றால் நம் ஆட்களுக்குக் கால் நகராது. ஊறவைத்த பாசிப்பயறு கல் எந்திரத்தில் அரைபட்டு வழியும். அதில் முளைப்பயறும் கிம்ச்சியும் கலந்து, குளம்போல எண்ணெய் நிற்கும் இரும்புத் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றுவார்கள். ஓரம் வடைபோல மொறுமொறு, நடுவில் அடைபோல மெத்தென்று இருக்கும். வெங்காயம் மிதக்கும் சோயா சாற்றில் தொட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் பெரும்பாலான கடைகளில் மாவில் பன்றி இறைச்சியும் சேரும், சைவ நண்பர் கேட்டுவிட்டு வாங்கட்டும். மழை பெய்தால் வெங்காயத்தாள் போட்ட பஜொன் அடையும் மக்கொல்லி என்ற அரிசிக் கள்ளும் தேடிப் போவது அங்கத்தியப் பழக்கம். மழைக்கு நாம் பஜ்ஜி தேடுவதில்லையா?

இனி அந்தச் சைவ நண்பர். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சாதாரணக் கடைகளில் அவருக்குச் சிரமம்தான். கொரியச் சமையலில் காய்க்கும் கீரைக்கும் பஞ்சமே இல்லை, ஆனால் அடியில் கடல் இருக்கும். பெரும்பாலான ஜிகேக்களுக்கு அடிச்சாறு காய்ந்த நெத்திலியும் கடற்பாசியும் போட்டுக் கொதிக்கவைத்தது. வழக்கமான கிம்ச்சியில் உப்பில் ஊறிய இறாலோ நெத்திலிச் சாறோ சேரும். பிபிம்பாப் சொல்லும்போது ‘கோகி பே ஜுசெயோ’ என்று சொல்லலாம், இறைச்சி வேண்டாம் என்று பொருள். ஆனால் கோகி என்றதும் பலருக்கு ஆடுமாடு, பன்றி, கோழிதான் மனதில் வரும். மீனையும் இறாலையும் தனியாகச் சொல்ல வேண்டும். ஜொன்ஜு பாணிக் கொச்சுஜாங்கிலேயே மாட்டிறைச்சியை அரைத்து வதக்கிச் சேர்ப்பதும் உண்டு. ‘வீகன்’ என்ற சொல் இப்போது பெருநகரங்களில் புரிகிறது. ‘பிகொன்’ என்று உச்சரித்தால் இன்னும் சீக்கிரம் புரியும். இதையெல்லாம் கொரிய எழுத்தில் ஒரு சீட்டாக எழுதி வைத்துக்கொண்டு காட்டுவது நல்லது. என் நண்பர் ஒருவர் இரண்டு வருடம் அப்படித்தான் சமாளித்தார்.

ஆனால் ஒரு வாசல் அவருக்கு அகலமாகத் திறந்திருக்கிறது: கோயில் சாப்பாடு. பௌத்த மடங்களின் சமையல், ‘சாச்சால் உம்ஷிக்’ என்பார்கள். இறைச்சி, மீன் இல்லை; மனதைக் கிளறும் ஐந்து என்று ஒதுக்கிய பூண்டு, வெங்காயத்தாள் வகைகளும் இல்லை. அந்த ஐந்தில் ஒன்று ‘ஹுங்கோ’. என்னவென்று விசாரித்தால் நம் பெருங்காயம்! ஹிங்கு என்ற வடசொல்தான் சீன வழியாகப் போய் அப்படி மாறியிருக்கிறது. கொரிய அடுப்படியில் பெருங்காயமே கிடையாது, ஆனாலும் இந்தியாவிலிருந்து போன விதி அந்தப் பெயரை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. சியோல் நடுவில் ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே, ஜோக்யே பௌத்தப் பிரிவு நடத்தும் ‘பாரு கொங்யாங்’ உணவகம் இருக்கிறது, முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தாமரைத்தண்டு, காட்டுக்கீரை, காளான், டோஃபு என்று சின்னச் சின்னத் தட்டுகளாக வரும். பக்கத்தில் இன்சாதோங் தெருக்களிலும் சைவக் கடைகள் கிடைக்கும். கோடையில் கொங்குக்சு கேட்கலாம், ஊறவைத்த சோயாவை அரைத்த குளிர்பாலில் கோதுமை நூடுல்ஸ். உப்பு போடுவதா சர்க்கரை போடுவதா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு, ஜொல்லா பகுதிக்காரர்கள் சர்க்கரைக் கட்சி. நான் உப்பு.

அலுவலக விருந்து, ‘ஹொயேஷிக்’, கட்டாயம் ஒருநாள் இருக்கும். வயதில் மூத்தவர் ஸ்பூனை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார், நீங்கள் அவருக்கு ஊற்றுங்கள். மூத்தவருக்கு ஊற்றும்போதும் வாங்கும்போதும் இரண்டு கை, அல்லது வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு. பெரியவர் முன் குடிக்கும்போது இளையவர்கள் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வார்கள். குடிக்காதவர் என்றால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட்டு, ஜூஸ் வைத்துக் கோப்பையை உயர்த்துங்கள், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். மேசையில் மூக்கைச் சிந்துவது மட்டும் வேண்டாம்.

காசு கொடுப்பது சுலபம். மேசையில் உட்கார்ந்து பில்லுக்குக் காத்திருக்காமல், எழுந்து கல்லாவுக்குப் போக வேண்டும். மெனுவில் போட்டிருப்பதுதான் விலை, தனியாக வரி இல்லை. டிப்ஸ் வழக்கமே கிடையாது. ஒருவர் மொத்தமாகக் கொடுப்பார், அடுத்துப் போகும் காபிக்கடையில் இன்னொருவர் கொடுப்பார். வெளியே வரும்போது ‘சால் மொகொஸ்ஸும்னிதா’ என்று சொல்லுங்கள். நன்றாகச் சாப்பிட்டேன் என்று அர்த்தம். அதைச் சொல்லாமல் நான் எந்தக் கடையையும் விட்டு வந்ததில்லை.

நீங்கள் சென்னைப் பக்கம் என்றால் கிளம்புவதற்கு முன்பே ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து கொரியக் குடும்பங்கள் வந்து தங்க, அவர்களுக்காகச் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கொரியச் சாப்பாட்டுக் கடைகள் வந்துவிட்டன. நண்பரையும் அழைத்துக்கொண்டு ஒரு மதியம் போங்கள், ஒரு பிபிம்பாப், ஒரு சுந்துபு சொல்லுங்கள். அங்கே தரும் தட்டையான உலோகச் சாப்ஸ்டிக் மரத்துச் சாப்ஸ்டிக்கைவிட வழுக்கும். சோயாமுளையை அதால் பிடித்து வாய்வரைக்கும் கொண்டுவரப் பழகிவிட்டீர்கள் என்றால், சியோலில் எந்த மேசையிலும் உட்காரலாம்.